சூப்பர்சார்ஜர் கார்: பிளக் மாற்றிய பிறகு வேகமெடுக்கும்போது இஞ்சின் இடறுகிறது, உதவி தேவை

உட்லண்ட்ஸ்வாசி
வணக்கம். என் காரில் சூப்பர்சார்ஜர் உள்ளது. சென்ற வாரம் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் நானே மாற்றினேன். பேட்டைக்குள் ஓட்டும்போது குறையே இல்லை. ஆனால் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் நுழைந்து பெடலை ஆழமாக மிதித்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி குலுங்குகிறது. எந்தப் பிளக் வாங்க வேண்டும், அதன் மின்முனைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும்? சனிக்கிழமை குடும்பத்துடன் மலாக்கா செல்கிறோம்.

ஈசூன்காரன்
எந்தக் கார், எந்த ஆண்டு, பிளக் பெட்டியில் என்ன எண் உள்ளது? சூப்பர்சார்ஜர் தொழிற்சாலையிலிருந்தே வந்ததா? அதைச் சுழற்றும் பெல்ட் சக்கரத்தை, அதாவது புல்லியை, மாற்றியிருக்கிறீர்களா?

பிடோக் 85
பாரம் ஏறும்போது மட்டும் இடறினால், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலைத்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் பிளக் வயரின் முனை பச்சை பூத்துப்போயிருந்தது. வயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

தெம்பனிஸ் ஓட்டுநர்
95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுகிறீர்களா? 98க்கு மாறிப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2005ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ். சூப்பர்சார்ஜர், புல்லி இரண்டும் தொழிற்சாலையில் பொருத்தியவை. 98தான் ஊற்றுகிறேன். பெட்டியில் உள்ள எண்: என்.ஜி.கே. பி.கே.ஆர்.6.இ.ஐ.எக்ஸ்-11. இரிடியம் என்பதால் இடைவெளியைத் தொட வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள், அப்படியே பொருத்திவிட்டேன்.

பழைய பட்டறை
தம்பி, இந்த எண்ணை முதலிலேயே எழுதியிருந்தால் காயில், பெட்ரோல் என்று இத்தனை பேர் அலைந்திருக்க வேண்டாம். பெட்டியைப் படிக்கத் தெரிந்துகொண்டு பிறகு ஸ்பேனரைக் கையில் எடு. கடைசியில் உள்ள 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளியைக் குறிக்கிறது. சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் திணிக்கும்போது சிலிண்டருக்குள் அடர்த்தி கூடுவதால், அதே இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. காயிலால் அதைத் தர முடியாத நொடியில் பொறி விழாமலே போய்விடும். மெதுவாக ஓட்டும்போது அந்த அழுத்தம் இல்லை, ஆகவே உனக்குக் குறை தெரியவில்லை. 0.7 முதல் 0.8 மி.மீ. வரை வைத்துக்கொள். எண்ணின் நடுவில் உள்ள 6 பிளக்கின் வெப்ப எண். நம் ஊர் வெயிலுக்கு 6 போதாது, 7 வாங்கு.

ஈசூன்காரன்
இடைவெளியைப் பற்றி ஐயா சொல்வது முற்றிலும் சரி. 7 என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த எண் பொறியின் வலிமையைக் கூட்டுவதில்லை; பிளக்கின் மூக்கிலிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. மூக்கு ஏறத்தாழ 450 பாகை செல்சியஸைத் தொட்டால்தான் கரி எரிந்து போகும். 800 பாகையைத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை தீப்பற்றும் அபாயம் உண்டு. அந்தக் கணக்கில் வெளியே உள்ள 32 பாகை வெயில் ஒரு பொருட்டே அல்ல. இந்தக் காரோடு வந்த நான்கு முனைப் பிளக்கும் 6தான். பள்ளிக்கும் ஈரச் சந்தைக்கும் போய்வரும் வண்டியில் 7 போட்டால் கரி பிடிக்கும். புல்லியைச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்கே 7 பொருந்தும். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக், அதாவது வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் பிளக்; பாஷில் நேர்மாறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டறை
நான் 7 போட்டு ஓட்டிய வண்டிகள் எல்லாம் நன்றாகத்தான் ஓடின.

ஈசூன்காரன்
அவற்றில் எத்தனை வண்டிகளுக்குப் புல்லி மாற்றப்பட்டிருந்தது, ஐயா?

உட்லண்ட்ஸ்வாசி, 1.1 இலிருந்து 0.8க்கு வளைக்க முயலாதீர்கள். அவ்வளவு வளைத்தால் பக்க மின்முனை சாய்ந்துவிடும். அதே பிளக்கை 11 இல்லாமல் கேட்டு வாங்குங்கள், அது 0.8 அளவிலேயே வரும். வாங்கியபின் ஒவ்வொன்றையும் கம்பி அளவியால் சரிபாருங்கள்: 0.8 கம்பி லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும், 0.9 கம்பி நுழையவே கூடாது. நாணயம்போல் வட்டமாக இருக்கும் அளவியை இடையில் செருகித் திருகாதீர்கள். இரிடியம் முனை 0.6 மி.மீ. தடிமன்தான், உடைந்துவிடும்.

பிடோக் 85
மரையில் செப்புக் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம். இஞ்சின் தலை அலுமினியம், பிளக் சிக்கிக்கொள்ளும்.

தெம்பனிஸ் ஓட்டுநர்
வேண்டாம். என்.ஜி.கே. பிளக்கின் மரைக்கு ஏற்கெனவே முலாம் பூசியிருக்கிறார்கள். கிரீஸ் தடவினால் மரை வழுக்கி, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் அதே அளவைக் காட்டும்போதும் பிளக் கூடுதலாக இறுகிவிடும். இஞ்சின் ஆறியபின், கிரீஸ் இல்லாமல், 25 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கினால் போதும்.

பிடோக் 85
பதினைந்து ஆண்டுகளாகத் தடவுகிறேன், ஒரு மரையும் போகவில்லை. சிக்கிய பிளக்கைக் கழற்றும்போது மரை பிடுங்கிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

தெம்பனிஸ் ஓட்டுநர்
முலாம் இல்லாத பழைய பிளக்கென்றால் ஒப்புக்கொள்கிறேன். இதற்கு வேண்டாம்.

உட்லண்ட்ஸ்வாசி
11 இல்லாத 6 வாங்கினேன். மூன்று பிளக்குகள் 0.8 இருந்தன, ஒன்றில் 0.9 கம்பியும் நுழைந்ததால் பக்க மின்முனையை மட்டும் மெல்லத் தட்டிச் சரிசெய்தேன். கிரீஸ் தடவவில்லை. நேற்றிரவு விரைவுச்சாலையில் 6,000 சுற்றுகள் வரை போனது, குலுங்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

பிடோக் 85
கழற்றிய பிளக் வயர்களின் முனை எப்படி இருந்தது என்று சொல்லவில்லையே?