வளைந்த கொம்புப் பிடி: ஆணியைக் கழற்றியா, கழற்றாமலா?

மடக்குக்கத்தி: பழைய சவரக் கத்தி ஒன்று. கொம்புப் பிடியின் இரண்டு தகடுகளும் நடுவில் இடப்பக்கமாக வளைந்திருக்கின்றன. மூடும்போது அலகின் முனை வலத் தகட்டில் உரசுகிறது. விரிசல் இல்லை, ஆணிகள் ஆடவில்லை. கழற்றாமல் நிமிர்த்த வழி உண்டா?

சாணைக்கல்: உண்டு, அதுதான் நல்ல வழியும்கூட. கொம்பு என்பது கெராட்டின், முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே புரதம். சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும், ஆறினால் இறுகும். அலகின் விளிம்பில் டேப் ஒட்டி, கத்தியை முழுக்கத் திறந்து வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரில், ஆப்பு (தகடுகளுக்கு இடையே முனையில் செருகியிருக்கும் துண்டு) இருக்கும் முனையிலிருந்து அலகின் ஆணிக்குச் சற்றுக் கீழே வரை நாலைந்து நிமிடம் முக்குங்கள். எடுத்ததும் வளைவுக்கு எதிர்ப்பக்கம், நேர்க்கோட்டைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் அதிகமாகவே வளைத்துப் பிடியுங்கள். விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும். முழுக்க ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. ஒரே தடவையில் நேராகாது, இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

பித்தளைஆணி: இதை நான் ஏற்கவில்லை. வளைக்கும்போது பாரம் முழுவதும் ஆணித் துளைகளில்தான் இறங்கும். தகட்டிலேயே பலவீனமான இடம் துளைதான். கொம்பின் இழை நீளவாக்கில் ஓடுவதால், துளையில் பிறக்கும் விரிசல் அப்படியே நீளும். ஆப்புக்கும் தகட்டுக்கும் இடையே புகும் நீர் வேறு எளிதில் வெளியேறாது.

கழற்றுங்கள். ஆணித் தலையை நுண்ணரத்தால் ராவி, வாஷரை எடுத்துவிட்டு, மெல்லிய பஞ்ச் (ஆணியைத் தட்டி வெளியேற்றும் இரும்புக் கம்பி) வைத்துத் தட்டினால் ஆணி வந்துவிடும். தகடுகளைத் தனித்தனியே சூடாக்கி, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு இடையே கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு புதிய ஆணிக்குப் பித்தளைக் கம்பி, பெரும்பாலும் 1.6 மி.மீ. சரியாக இருக்கும்.

சாணைக்கல்: ராவும்போது அரம் வழுக்கினால் கொம்பில் கோடு விழும். டிரில் போட்டால் துளை பெரிதாகும். பழைய வாஷர் ஒன்று உடைந்தால் அதே மாதிரி கிடைப்பது அரிது. ஆணி உறுதியாக இருக்கும் கத்தியை எதற்குப் பிரிக்க வேண்டும்? இரண்டு தகடும் ஒரே திசையில் ஒரே அளவு வளைந்திருந்தால், இரண்டும் சேர்ந்தே திரும்பும். ஆப்பு இடைவெளியைக் காத்துக்கொள்ளும்.

கோணல்பார்வை: இருவருமே ஒரு படியைத் தாண்டிவிட்டீர்கள். முதலில் அது கொம்புதானா? ஆப்புக்கு அருகே, உட்பக்கம் மறைவான இடத்தில் சுட்ட ஊசியின் நுனியை லேசாகத் தொடுங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கொம்பு. கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அது தீப்பற்றக்கூடியது, சூடே காட்டக் கூடாது. ஊசி வைக்கும்போது அருகில் தீயும் வேண்டாம். கந்தக வாசனை என்றால் கெட்டி ரப்பர்.

அடுத்தது, குற்றவாளி யார்? தகட்டின் மேல் நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். பிறகு கத்தியைப் பாதி மூடி முதுகு வழியாகப் பாருங்கள். தகடு நேராக இருந்தும் அலகு ஒருபக்கம் சாய்ந்தால், ஆப்பின் ஒரு பக்கம் தடித்திருக்கும், அல்லது அலகின் ஆணித் துளை கோணலாக இருக்கும். அங்கே சூடு எதையும் சரிசெய்யாது.

பித்தளைஆணி: சரியான கேள்வி. முறுக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆணி போட்ட நிலையில் வளைவை எடுக்கலாம், முறுக்கை எடுக்க முடியாது. இன்னொன்று: இந்தத் தகடுகள் இயற்கையில் வளைந்திருந்த கொம்பைச் சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கியவை. பிடிமானம் இல்லாமல் முழுக்கச் சூடாக்கினால் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். கையால் பிடித்தால் நடுப்பகுதிதான் நிற்கும், ஓரங்கள் எழும்பும். பலகை வேண்டும் என்பது அதற்காகத்தான்.

சாணைக்கல்: முறுக்கு இருந்தால் கழற்றத்தான் வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) என்று சொல்லிவிடாதீர்கள். உலர் சூடு ஒரு இடத்தில் நின்றால் கொம்பு கருகும், கொப்புளம் வரும், அடுக்கடுக்காகப் பிரியும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் அலகின் பதமும் கெடாது.

பித்தளைஆணி: நீர் மேற்பரப்பை வெளுக்க வைக்கும், அதையும் சொல்லுங்கள்.

சாணைக்கல்: வெளுக்கும். நன்றாகக் காய்ந்த பின் 600 எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 எண் வரை தேய்த்தால் போய்விடும்.

மடக்குக்கத்தி: ஊசியில் முடி வாசனைதான். தகடுகளில் வளைவு மட்டுமே, முறுக்கு இல்லை. கழற்றாமல் முயல்கிறேன். எண்ணெய் எப்போது?

கோணல்பார்வை: நிமிர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகு. நீட்ஸ்ஃபுட் எண்ணெயை (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) மெல்லப் பூசி ஒரு நாள் விட்டுத் துடையுங்கள். ஆணிப் பக்கம் நீர் தங்கியிருந்தால் எண்ணெய் அதை உள்ளேயே அடைத்துவிடும், அலகு துருப்பிடிக்கும். துணியால் ஒற்றி, திறந்த நிலையில் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் ஒருபக்கம் முந்திக் காய்ந்து மறுபடி வளையும்.

பித்தளைஆணி: ஒவ்வொரு முக்கலுக்குப் பிறகும் துளைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு ஆணியைக் கழற்றுங்கள்.