பில்தாத் சொன்ன வாக்குத்தத்தம்

எங்கள் சபைக்காக நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேதபாட ஆப் செய்துகொண்டிருக்கிறோம். தேடல், இணைவசனங்கள் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. சண்டை வந்தது 'இன்றைய வசனம்' பகுதியில்தான்.

பட்டியலில் யோபு 8:7 இருந்தது: "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." புதுக் கடைத் திறப்பு, புது வருஷ வாக்குத்தத்த அட்டை என்று எங்கும் பார்க்கிற வசனம். ஆனால் சொல்பவர் கர்த்தர் இல்லை, யோபின் நண்பன், சூகியனான பில்தாத். அதுவும் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனான யோபிடம், பிள்ளைகள் செய்த பாவம்தான் காரணம் என்கிற தொனியில் 8:4-ல் குத்திவிட்டு, மூன்று வசனம் தள்ளிச் சொல்கிற ஆறுதல். பில்தாத்தும் மற்ற நண்பர்களும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7-ல் கர்த்தரே கோபிக்கிறார்.

தூக்கிவிடலாம் என்றான் கோட் எழுதுகிற தம்பி. ஆப்பைச் சோதித்துப் பார்த்த பெண்கள் ஐக்கிய அம்மா ஒருவர் விடவில்லை. "ஏன் தம்பி, கடைசியில யோபுக்கு அப்படித்தானே நடந்துச்சு?" சரிதான். 42:12-ல் அவன் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்படுகிறது. பில்தாத் நினைத்த காரணத்தால் அல்ல, அவ்வளவுதான்.

வசனத்தை விட்டுவைத்தோம். மேலே 'பில்தாத் யோபிடம்' என்று ஒரு வரி சேர்த்தோம். தட்டினால் எட்டாம் அதிகாரம் முழுவதும் திறக்கும். வாட்ஸ்அப்பில் பகிரும் படத்திலும் அந்த வரியை வெட்ட முடியாதபடி வைத்தோம். ஆப்புக்குள் எவ்வளவு விளக்கம் கொடுத்தாலும் ஸ்டேட்டஸுக்குப் போவது படம் மட்டும்தானே! லூக்கா 4:7-க்கும் இதே ஏற்பாடு. "எல்லாம் உம்முடையதாகும்" என்பதை ஆசையாய்ப் பகிரப் போகிறவர், மேலே 'பிசாசு இயேசுவிடம்' என்று பார்த்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

மாட்டிக்கொண்டது யோவான் 3-ல். இயேசு நிக்கொதேமுவிடம் பேசுகிறார், சரி. அந்தப் பேச்சு எங்கே முடிகிறது? பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறி கிடையாது. சில ஆங்கிலப் பதிப்புகள் 15-ஆம் வசனத்தோடு மேற்கோளை மூடுகின்றன, சில 21 வரை கொண்டுபோகின்றன. அப்படியானால் 'தேவன் இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்' என்று எல்லோருக்கும் மனப்பாடமான 3:16 இயேசு சொன்னதா, சுவிசேஷத்தை எழுதிய யோவானின் சொந்த வார்த்தையா?

இப்போதைக்கு 16 முதல் 21 வரை பேசுபவர் பெயரைப் போடவில்லை. தட்டினால் இரண்டு கருத்தும் வரும். எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு இதில் திருப்தி இல்லை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் குழம்புவார்கள் என்கிறார். இந்த மாதிரி வேலை செய்தவர்கள் இந்த இடத்தை எப்படிக் கையாண்டீர்கள்?