எங்க வீட்டுக் கதையை ஏஐ மாத்தி எழுதினா அது யாரோட பதிவு?

பாரிஸ்_கார்னர்:
முதல் உலகப் போர்ல எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மேல குண்டு போட்டதைப் பத்தி நேத்து இங்க ஒரு பதிவு வந்துச்சு, நிறைய பேர் ஷேர் பண்ணியிருக்கீங்க. அதுல மூணாவது பாராவை மட்டும் இன்னொரு தடவை படிங்க. "பல குடும்பங்கள் அடுப்பில் வைத்த உலையை அப்படியே இறக்கிவிட்டுக் காஞ்சிபுரம் நோக்கிப் புறப்பட்டன"ன்னு இருக்கு. பல குடும்பம் இல்லீங்க, அது எங்க ஒரே குடும்பம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி குண்டு விழுந்து துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி டேங்க் பத்தி எரிஞ்சுது, மறுநாள் காலைல மண்ணடியில எங்க கொள்ளுப்பாட்டி கொதிக்கிற உலையை இறக்கி வெச்சுட்டு கைக்குழந்தையோட கிளம்பிட்டாங்க, இதை எங்க பெரியம்மா சொல்லிக் கேட்டு போன வருஷம் நான் எழுதினேன். எந்தப் புஸ்தகத்துலயும் இது கிடையாது. என் பதிவை ஏஐ-ல போட்டு மாத்தி எழுதச் சொல்லியிருக்காங்க, அது எங்க வீட்டு ஆளுங்களைத் தூக்கிட்டு "பல குடும்பங்கள்"னு போட்டுடுச்சு. நாளைக்கு யாராவது இதை சரித்திரம்னு எடுத்துப்பாங்க. வயிறு எரியுது.

அம்பத்தூர்_எஸ்டேட்:
அந்தப் பதிவு போட்டது நான்தான் மேடம். உங்களுதை மட்டும் எடுக்கல, ஏழெட்டு இடத்துல படிச்சதை ஒண்ணா சேத்து ஏஐ கிட்ட குடுத்து எழுத வெச்சேன், இதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல. நான் ஷிப்ட் வேலை பாக்கறவன், ஸ்கூலை விட்டதுக்கப்புறம் தமிழ்ல நாலு வரி கோர்வையா எழுதினதே கிடையாது, மனசுல இருக்கறதை வாய்ஸ்ல சொல்லிடுவேன் அது எழுத்தாக்கித் தருது, இவ்ளோ நாள் இங்க படிக்க மட்டும் செஞ்சவன் இப்பதான் எழுதறேன். நடந்த சம்பவத்துக்கு காப்பிரைட் உண்டா? எம்டன் குண்டு போட்டது ஊருக்கே பொதுவான கதை.

குரோம்பேட்டை_87:
இதுக்குத்தான் ஏஐ பதிவை மொத்தமா தூக்கணும்னு கத்திட்டு இருக்கேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோன்னு புரோகிராம் எழுதறவங்க கேள்வி பதில் சைட்ல, சாட்ஜிபிடி வந்த அடுத்த வாரமே, 2022 டிசம்பர்லயே தடை போட்டாங்க, பாக்க சரியா இருக்கு உள்ள தப்பா இருக்குன்னு. நேத்து பதிவை, ஏஐ எழுதினதான்னு சொல்ற டிடெக்டர்ல போட்டுப் பாத்தேன், முழுக்க சிவப்பு, அதாவது எல்லாமே ஏஐ-ன்னு காட்டுது. தூக்குங்க.

அடையார்_ஆசிரியை:
டிடெக்டரை நம்பி யாரையும் தண்டிக்காதீங்க ப்ளீஸ். நான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன், இதனால பசங்க அழுததைப் பாத்திருக்கேன். ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில ஒரு டிடெக்டர் விட்டுச்சு, ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தைத்தான் அதால சரியா புடிக்க முடிஞ்சுது, ஜூலைலயே மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க செஞ்ச ஆய்வுல, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க சொந்தமா எழுதின டோஃபல் (இங்கிலீஷ் தேர்வு) கட்டுரைல பாதிக்கும் மேல ஏஐ-னு டிடெக்டருங்க சொல்லியிருக்கு. இங்கிலீஷுக்கே இந்த கதி, தமிழை இது என்னத்த புடிக்கும்? ஆனா அம்பத்தூர் தம்பி, உங்க வாதமும் நிக்காது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) காப்பியடிக்கறதைத் தடுக்க 2018-ல கொண்டுவந்த விதில, ஆய்வேடு அடுத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்ல, 60-ஐத் தாண்டினா பிஎச்டி ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும். அதுக்காக செக் பண்ற சாஃப்ட்வேர் முக்கியமா வார்த்தை வார்த்தையா ஒத்துப்போறதைத்தான் பாக்குது, இந்த மேடத்தோட பாராவையும் உங்க பாராவையும் அதுல போட்டா ஒண்ணும் காட்டாம போகலாம். திருட்டு இல்லன்னு ஆயிடுமா? உலை, காஞ்சிபுரம், மறுநாள் காலை, மூணும் அதே வரிசைல வருது.

ஐகோர்ட்_வாசல்:
நான் வக்கீல். 1957 காப்பிரைட் சட்டப்படி சம்பவத்துக்கு உரிமை கிடையாது, அதை ஒருத்தர் எழுதின விதத்துக்குத்தான் உண்டு, அந்த அளவுல தம்பி சொல்றது சரி. கோர்ட்டுக்குப் போனா இது இழுபறிதான். ஆனா பொறுப்புனு ஒண்ணு இருக்கே. 2023-ல நியூயார்க்ல ஒரு விமான கம்பெனி கேஸ்ல சாட்ஜிபிடி குடுத்த இல்லாத தீர்ப்பையெல்லாம் வக்கீலுங்க கோர்ட்ல தாக்கல் பண்ணி 5,000 டாலர் அபராதம் கட்டினாங்க, ஜட்ஜ் ஏஐ-யைக் கூப்பிட்டு கேக்கல, கையெழுத்து போட்டவனைத்தான் கேட்டாரு. உங்க பதிவுல எம்டன் கல்வெட்டு துறைமுக வாசல்ல இருக்குன்னு போட்டிருக்கீங்க. அது எங்க ஐகோர்ட் காம்பவுண்டு சுவர்ல இருக்கு, நான் அதைத் தாண்டித்தான் போயிட்டு வரேன். ஒருதடவை போய்ப் பாத்திருக்கலாமே.

அம்பத்தூர்_எஸ்டேட்:
கல்வெட்டு சரி சார், மாத்திடறேன். ஆனா ஜெர்மனில இருந்த சுதந்திரப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை எம்டன்ல வந்தாருன்னு எத்தனை பேர் எத்தனை வருஷமா எழுதிட்டு இருக்காங்க, உறுதியான ஆதாரம் இருக்கா? அதை எந்த ஏஐ-யும் கிளப்பி விடல, மனுஷங்கதான் ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதினாங்க, அப்ப யாரும் தூக்கச் சொல்லல. பெரிய எழுத்தாளர் எழுதினா ஆராய்ச்சி, எஸ்டேட்ல வேலை பாக்கறவன் மெஷினை வெச்சு எழுதினா திருட்டா?

பாரிஸ்_கார்னர்:
தம்பி, நீங்க மெஷினை வெச்சு எழுதினதுல எனக்கு ஒரு கோவமும் இல்ல, எழுதுங்க, உங்களை மாதிரி ஆளுங்க எழுதணும். செண்பகராமன் கதையைச் சொன்னீங்க பாருங்க, என் பயமே அதுதான். அது எப்படி உண்மை மாதிரி ஆச்சு? யார் சொன்னாங்க, அவங்களுக்கு எப்படி தெரியும்னு யாரும் கேக்காம ஆளாளுக்கு எடுத்து எழுதினதால. அப்படிப் பரவ அப்ப வருஷக்கணக்கு ஆச்சு, இப்ப ஒரு ராத்திரி போதும். எங்க கொள்ளுப்பாட்டி கிளம்பினது எங்க வீட்ல சொல்லக் கேட்டது, அவ்ளோதான். நான் எழுதும்போதே "பெரியம்மா சொன்னாங்க, வேற சாட்சி இல்ல"ன்னு போட்டிருந்தேன். ஏஐ முதல்ல தூக்கினது அந்த வரியைத்தான். என் பேர் போனது கூட பரவால்ல, அந்த வரி போயிடுச்சு.

குரோம்பேட்டை_87:
அதான் தடை போடணும்னு சொல்றேன்.

அடையார்_ஆசிரியை:
தடை போட்டா எல்லாரும் ஏஐ இல்லன்னு சொல்லிட்டு போடுவாங்க, அப்ப கண்டே புடிக்க முடியாது. எங்க படிச்சீங்க, யார் சொன்னாங்கன்னு கீழ எழுதணும், மெஷின் எழுதினதுன்னா அதையும் சொல்லணும். என் பசங்க கிட்டயும் இதான் கேக்கறேன்.

அம்பத்தூர்_எஸ்டேட்:
"பல குடும்பங்கள்" எடுத்தாச்சு மேடம், பெரியம்மா சொன்னதுன்னு போட்டு உங்க பதிவு லிங்க்கும் குடுத்திருக்கேன். ஏஐ-ல எழுதறதை விட மாட்டேன், அதை மட்டும் யாரும் கேக்காதீங்க.

பாரிஸ்_கார்னர்:
பாத்தேன், சந்தோஷம். ஆனா வாட்ஸ்அப்ல சுத்தறது பழைய பதிவு, எங்க சொந்தக்காரங்க குரூப்லயே இன்னிக்கு காலைல வந்துச்சு. நீங்க அனுப்பின குரூப்புக்கெல்லாம் திருத்தினதையும் அனுப்பி விடுங்க தம்பி.