பரோடிட் அறுவைக்குப் பிறகு மேலுதட்டு முடியை எடுக்கலாமா? நூலா, வாக்ஸா, லேசரா?

மாம்பலத்துக்காரி:
வணக்கம். வயது 43. ஏழு மாதங்களுக்கு முன்பு இடது காதுக்குக் கீழே, பரோடிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, கதிர்வீச்சும் தரவில்லை. காதின் முன்னால் தொடங்கி மடலைச் சுற்றிக் கழுத்துக்கு இறங்கும் தழும்பு வெளிறிவிட்டது. அறுவை முடிந்த புதிதில் இடது கண் முழுதாக மூடவில்லை, அது சரியாகிவிட்டது. கீழுதட்டின் இடது மூலை மட்டும் சிரிக்கும்போது இறங்க மறுக்கிறது. காதுமடல் மரக்கட்டைதான். போன வாரம் திருகாணி கழன்று தோடு விழுந்ததே தெரியவில்லை. வீடெல்லாம் தேடிக் கடைசியில் துணி ஊறவைத்த வாளியின் அடியில் கிடைத்தது.

இப்போது பிரச்சினை மீசை. இருபது ஆண்டுகளாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை நூல் போட்டு எடுத்தவள் நான். ஏழு மாதமாக முகத்தில் யாரையும் கைவைக்க விடவில்லை. தை மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். சந்தனம், கற்கண்டுத் தட்டோடு வாசலில் நிற்கும் வேலை எனக்கு. வழக்கமாகப் போகும் அழகு நிலையத்தில், "ஆறு தடவை லேசர் செய்துகொள்ளுங்கள், காதோரப் பூனைமுடியையும் சேர்த்து எடுத்துவிடலாம்" என்கிறார்கள். நூலை இழுத்தால் நரம்பும் இழுபடுமா? லேசர் உள்ளே போய் நரம்பைச் சுடுமா? கட்டியை எடுத்துக் காப்பாற்றிய டாக்டரிடம் போய் மீசையைப் பற்றிக் கேட்க வெட்கமாக இருக்கிறது.

அண்ணாநகர் வாசி:
தயவுசெய்து லேசர் பக்கமே போகாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு லேசர் செய்த அடுத்த மாதம் வாய் கோணிவிட்டது. நரம்பு சுட்டுப்போனால் திரும்ப வராது.

வார்டு அக்கா:
காது மூக்கு தொண்டை வார்டில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முகத்தை அசைக்கும் நரம்பு வேறு, முகத்தில் தொட்டதை உணர்த்தும் நரம்பு வேறு. அசைப்பது ஏழாவது மண்டை நரம்பு. காதின் பின்புறம் எலும்பிலிருந்து வெளிவந்து, பரோடிட் சுரப்பிக்குள் புகுந்து, நெற்றி, கண், கன்னம், கீழ்த்தாடை ஓரம், கழுத்து என்று ஐந்து கிளைகளாகப் பிரியும். உங்கள் கீழுதட்டு மூலைக்குப் பொறுப்பு தாடையோரக் கிளை. மேலுதட்டின் தொடு உணர்வோ ஐந்தாவது நரம்பின் வேலை. உங்கள் அறுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. காதுமடல் மரத்தது மூன்றாவது கதை. கழுத்திலிருந்து மடலுக்கு ஏறும் ஒரு தொடு உணர்வு நரம்பு கட்டியை எடுக்கும் வழியிலேயே கிடக்கிறது. பல நேரம் அதை வெட்டாமல் முடிவதில்லை.

நூல் பிடிப்பது முடியைத்தான். அந்த இழுப்பு நரம்பு வரை போகாது. முடி எடுக்கும் லேசர் தேடிப் போவது வேரில் உள்ள கருநிறமியை. அது சூடாகி வேர் பொசுங்கும். நரம்பில் அந்த நிறமி இல்லை. அண்ணாநகர் தம்பி சொன்னவருக்கு என்ன நேர்ந்ததென்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்த லேசரும் செய்யாத எத்தனையோ பேருக்கு ஒரே இரவில் வாய் கோணுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். அடுத்த மாதம் நடந்ததால் மட்டும் லேசர்தான் காரணம் என்று ஆகிவிடாது.

அதற்காகக் காதோரத்தில் லேசர் செய்துகொள் என்று நான் சொல்லவில்லை. சுரப்பியின் மேற்பகுதியை எடுத்த பிறகு அந்த இடத்தில் நரம்புக்கு மேலிருந்த மெத்தை போய்விடும். முன்பைவிடத் தோலுக்கு நெருக்கமாக இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் மரத்த தோல். லேசரோ சூடான வாக்ஸோ அளவு மீறும்போது "ஐயோ" என்று கத்துவதுதான் நமக்கு உள்ள ஒரே அலாரம். மரத்த இடத்தில் அலாரம் அடிக்காது. மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். முடி நீக்கும் கிரீமும் அப்படியே.

வெட்கப்படாமல் டாக்டரைக் கேள் அம்மா. எதை எடுத்தார், எந்தக் கிளையை எங்கே விட்டுவைத்தார் என்று அவருக்குத்தான் தெரியும். நாங்கள் இதைவிட விநோதமான கேள்விகளை எல்லாம் கேட்டிருக்கிறோம்.

நூல்காரி, வில்லிவாக்கம்:
அழகு நிலையம் வைத்து 18 ஆண்டுகள் ஆகின்றன. நூலில் வேறொரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

மேலுதட்டுக்கு நூல் போடும்போது, "நாக்கை உள்ளே வைத்து உதட்டை முன்னால் தள்ளுங்கள், வாயோரத்தை விரலால் இழுத்துப் பிடியுங்கள்" என்போம். தோல் மத்தளம்போல் விறைத்திருந்தால்தான் நூல் முடியை மட்டும் கவ்வும். தொளதொளவென்று இருந்தால் தோலையும் சேர்த்துக் கவ்விக் கீறிவிடும். முக வாதம் வந்த ஒரு வாடிக்கையாளருக்கு அந்தப் பக்கம் காற்றடைத்துக் கன்னத்தை உப்பவும் முடியவில்லை, உதட்டை இறுக்கவும் முடியவில்லை. அவருடைய இரண்டு கையையும் வாங்கி, ஒரு விரல் மூக்கின் கீழே, ஒரு விரல் உதட்டோரத்தில் என்று நானே வைத்துக் காட்டினேன். உதவிப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக எடுத்தோம்.

போகும்போது முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆளுக்குப் புது நூல் வெட்டச் சொல்லுங்கள். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்பவரிடம் உட்காராதீர்கள். வாக்ஸ் சூட்டை மணிக்கட்டில் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மணிக்கட்டில் சரியாக இருந்தால் மரத்த கன்னத்திலும் சரி என்று நம்பிப் போடக் கூடாது. நான் போடுவதில்லை, வருமானம் போனாலும் பரவாயில்லை. பருவுக்கும் மற்றதற்கும் தோல் டாக்டர் எழுதித் தந்த ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் பூசுபவர்களுக்கும் முகத்தில் வாக்ஸ் வேண்டாம், மேல்தோல் உரிந்துவரும்.

மூடாத கண்:
எனக்குக் காது நரம்புக் கட்டி எடுத்து இரண்டு ஆண்டுகள். முகத்தின் வலப்பாதி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மீனாட்சி கோயில் சிலைபோல் ஒரு கண் இமைக்காது என்று என் மகன் கேலி செய்வான். புருவத்துக்கு நூல் போட்டபோது ஒரு சின்ன முடித்துணுக்கு அந்தக் கண்ணில் விழுந்தது. உறுத்தவே இல்லை. மாலையில் கண் சிவந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். கருவிழியில் கீறல், பத்து நாள் மருந்து. கண் மூடாதவர்கள் சொட்டு மருந்து விட்டு, இமையை டேப் போட்டு மூடிக்கொண்டு உட்காருங்கள். காதுக்குப் பின்னால் கேட்கும் கருவி பதித்திருப்பவர்கள் முடி வேரை மின்சார ஊசியால் அழிக்கும் முறைக்கு டாக்டரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

மாம்பலத்துக்காரி:
எல்லோருக்கும் நன்றி. வார்டு அக்கா, இன்னொன்று. நேற்று எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டபோது காதுக்கு முன்னால் வியர்வை வழிந்தது. நெற்றியில் ஒரு துளிகூட இல்லை. இது என்ன?

வார்டு அக்கா:
பயப்படாதே. அதன் பெயர் ஃப்ரே நோய்க்குறி. உமிழ்நீருக்காக இருந்த நரம்பிழைகள் திரும்ப வளரும்போது வழிதவறி வியர்வைச் சுரப்பிகளில் போய்ச் சேர்ந்துவிடும். புளிப்பைக் கண்டால் வாய் ஊறுவதோடு கன்னமும் ஊறும். தொல்லை அதிகமானால் போட்யூலினம் ஊசி உண்டு. டாக்டரிடம் இதையும் சொல். அந்த இடத்தில் ஈரம் நிற்கும், கிரீம் கீரீம் எதுவும் பூசிக்கொண்டு உட்காராதே.

தோல் பிரிவு மாணவி:
லேசரைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. கருத்த, தடித்த முடிக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். நரைமுடியில் பலிக்காது. நம் ஊர்ப் பெண்களின் கன்னத்துப் பூனைமுடிக்கு அடித்தால் சிலருக்கு முடி அடர்ந்து வளர்வதும் உண்டு. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளக் கருவி ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. என்ன கருவி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் படுக்காதீர்கள். கல்யாண அவசரத்துக்கு முகத்துக்கான சின்ன ரேசர் போதும். மழித்தால் அடர்த்தியாக வளரும் என்பது பொய்; வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது. மரத்த பக்கத்தில் எடுக்கும்போது மட்டும் கண்ணாடியைப் பார்த்துக் கவனமாக எடுங்கள்.

மாம்பலத்துக்காரி (பன்னிரண்டு நாள் கழித்து):
டாக்டரைப் பார்த்தேன். சிரிக்கவில்லை அவர். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சாலும் குச்சி முனையாலும் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். மடலும் அதன் கீழே உள்ள தாடை மூலையும் மட்டும்தான் மரத்திருக்கின்றன. மேலுதடு இருபக்கமும் சரி. மேலுதட்டுக்கு நூல் போடலாம், தழும்பையும் காதோரத்தையும் தொடக் கூடாது, லேசர் பேச்சை ஓராண்டு முடிந்த பிறகு தோல் மருத்துவரோடு சேர்ந்து பேசலாம் என்றார்.

நேற்று போனேன். நூல்காரி அக்கா சொன்னபடி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். வலப்பக்கம் எப்போதும்போல் சுரீர் என்றது. இடப்பக்கம் போனபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அங்கேயும் சுரீர். கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் நூலை விட்டுவிட்டாள். "ஆட்டாதீர்கள் அக்கா, இன்னும் நாலு முடி இருக்கிறது" என்றாள்.