இழை: மோதிச் சேரும் விண்மீன் மண்டலத் திரள்கள் – என்ன பெயர் வைக்கலாம்?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் இதழுக்கு எல் கோர்டோ என்னும் விண்மீன் மண்டலத் (கேலக்சி) திரள் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிலி நாட்டிலுள்ள அட்டகாமா அண்டவியல் தொலைநோக்கி கண்டுபிடித்து, 2012இல் அறிவிக்கப்பட்ட திரள் இது. நமக்கு வந்து சேரும் அதன் ஒளி சுமார் 700 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. அண்டத்துக்கு இன்றைய வயதில் பாதிதான் ஆகியிருந்த அந்தக் காலத்திலேயே, மொத்தம் 20 கோடி கோடி சூரியன்கள் அளவு நிறையுள்ள இரண்டு திரள்கள் மோதிக்கொண்டிருந்தன.

'கிளஸ்டர் மெர்ஜர்' என்பதற்குத் 'திரள் இணைவு' என்று போட்டேன். ஆனால் பாடநூலில் 'அணுக்கரு இணைவு' என்றால் ஃப்யூஷன். அதைப் படித்த பிள்ளை, சூரியனுக்குள் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது என்று நினைத்துவிடும். வேறு சொல் தாருங்கள். திரளா, கொத்தா என்பதையும் முடித்துவிட்டால் நல்லது.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் கொத்தணி என்றுதான் எழுதுவோம். கொரோனாக் காலத்தில் செய்தியில் நாளாந்தம் கேட்ட சொல், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிது தேட வேண்டும்?

தமிழாசிரியர் (ஓய்வு), திருநெல்வேலி

கொத்தணி நல்ல சொல்தான், அம்மா. ஆனால் கொத்து என்பது ஒரு காம்பில் தொங்குவது. கொத்துச்சாவி வளையத்தில் கிடக்கிறது, சாவிகள் தாமாக ஒன்றையொன்று இழுப்பதில்லை. திரள் அப்படியல்ல. திரட்சி, திரட்டு, திரளை எல்லாம் ஒரே வேர். பரவிக் கிடந்தது தன்னாலே கூடிக் கெட்டியாவதுதான் திரளுதல். திரட்டுப்பால் கிண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு தொகுதிகள் முதலில் உருவாகி, அவை சேர்ந்து பெரியவை வளர்ந்தன என்றால், அந்த வளர்ச்சியே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. குழாம் என்று யாராவது சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறேன், அதை விண்மீன் குழாம் என்று ஓரை உருவங்களுக்குக் கொடுத்தாயிற்று.

இன்னொன்று. தொலைவிலுள்ள திரளைச் சேய்த்திரள் என்றே சொல்லலாம். சேய் என்றால் தொலைவு, சேய் என்றால் குழந்தை. தொலைவில் பார்ப்பது இளமையைப் பார்ப்பது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன.

வானியல் ஆய்வு மாணவி, புனே

ஐயா, சேய்த்திரள் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பெரிய திரளில் வந்து விழும் சிறு திரளைத்தான் மாணவர்கள் சேய் என்று நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பெயர் வைப்பதற்கு முன் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். திரளின் நிறையில் பெரும்பங்கு கரும்பொருள், அதாவது ஒளி விடாத, ஈர்ப்பால் மட்டுமே தெரியும் பொருள். மீதியில் பெரும்பகுதி கோடிக்கணக்கான பாகை சூடுள்ள வாயு. நாம் படத்தில் பார்க்கும் விண்மீன் மண்டலங்கள் சில விழுக்காடுதான். இரண்டு திரள்கள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் மண்டலங்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வதில்லை. இடைவெளி அவ்வளவு பெரிது, ஒன்றையொன்று கடந்து போய்விடும். கரும்பொருளும் அப்படியே கடக்கிறது. வாயு மட்டும் வாயுவோடு மோதி, வேகம் குறைந்து, அதிர்ச்சி அலை எழுந்து, நடுவில் தங்கிவிடுகிறது. இதேபோல் மோதிய இன்னொரு திரளான புல்லட் திரளில் 2006இல் காட்டியது இதைத்தான். சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ் கதிர்ப் படத்தில் வாயு நடுவே இருந்தது, ஈர்ப்பு வில்லை (பின்னாலிருந்து வரும் ஒளியை நிறை தன் ஈர்ப்பால் வளைப்பது) காட்டிய நிறையோ இரண்டு பக்கமும் விலகி நின்றது.

அதனால் 'மோதல்' என்றால் வாயுவுக்கு மட்டும் பொருந்தும். 'கலப்பு' என்றால் எல்லாம் முடிந்துவிட்டது போலத் தொனிக்கும். கடந்து போனவை ஈர்ப்பால் திரும்பி விழுந்து, நூறு கோடி ஆண்டுக் கணக்கில் ஆடி அடங்கித்தான் ஒரே திரளாகின்றன. எல் கோர்டோவின் இரு திரள்களும் இன்னும் விலகிப் போகின்றனவா, திரும்பி வருகின்றனவா என்பதே ஆய்வில் விவாதமாக இருக்கிறது.

தமிழாசிரியர், திருநெல்வேலி

நீங்கள் சொன்னது அப்படியே புணரியல், மகளே! வாயு விகாரப் புணர்ச்சி, மண்டலமும் கரும்பொருளும் இயல்புப் புணர்ச்சி. அதிர்ச்சி அலை எழுவது தோன்றல், வடிவம் மாறுவது திரிதல், சிறு திரளின் வாயு உரிந்து போவது கெடுதல். இருக்கும் பெரிய திரள் நிலைத்திரள், வந்து விழுவது வருதிரள். நிலைமொழி, வருமொழி தெரிந்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். ஆகவே நிகழ்வின் பெயர் திரட்புணர்ச்சி.

மென்பொருளாளர், கோவை

ஐயா, ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஓர் ஆசிரியர் பாடம் நடத்த முடியாது. திரள் என்பதோடு சேர்ந்து 'ட்'டும் வந்துவிட்டால் பாதிப் பேருக்குப் படிக்கவே வராது. தேடுபொறியில் தட்டினால் கிடைக்கிற மாதிரி, 'ஒன்றுசேரும் திரள்கள்' என்று பிரித்தே எழுதலாமே.

தமிழாசிரியர், திருநெல்வேலி

தமிழ் மாணவன் நன்னூல் சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டும் என்றால் குறை சொல்லில் இல்லை. சரி, புணர்ச்சி வேண்டாம் என்றால் கூடல். திரட்கூடல். பவானியில் ஆறுகள் கூடும் இடம் கூடுதுறைதானே.

மாணவி, புனே

கூடுதுறையில் நீர் கடந்து போய்த் திரும்பி வருவதில்லை, ஐயா. ஆனால் நிலைத்திரள், வருதிரள் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன். 'முதன்மைத் துணைத்திரள்' என்று எழுதி எழுதிச் சலித்துவிட்டேன். வாயு உரியும் திசையைச் சொல்லும்போது எது வந்தது, எது இருந்தது என்பது உடனே தெரிய வேண்டும். இது தெரிகிறது.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

வியாழன் இரவாகிவிட்டது. இந்த இழையில் எழுதாதவர்களையும் சேர்த்து ஏழு பேர் கருத்துச் சொன்னதில் நால்வர் 'திரள் ஒன்றிணைவு' என்கிறார்கள், அதையே போடுகிறேன். நிலைத்திரள், வருதிரள் இரண்டும் கட்டுரையில் உண்டு. முதல் முறை வரும் இடத்தில் கொத்தணி என்பதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

நன்றி. நான் வகுப்பில் கொத்தணி என்றே சொல்லப்போகிறேன். வருகொத்தணி என்றும் வைக்கலாம்தானே?

தமிழாசிரியர், திருநெல்வேலி

வைக்கலாம், அம்மா. ஒன்றிணைவில் 'இணைவு' இன்னும் உட்கார்ந்திருக்கிறது, அணுக்கருக் குழப்பம் தீரவில்லை. என் வாக்கு கூடலுக்கே என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.