மொபைலில் ‘விளம்பரம்’ என்ற சொல் ஒளிந்துகொள்கிறது

இரும்புக் கடாய், கல்சட்டி பற்றிய என் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. காசு வாங்கிப் போடும் இணைப்புகளுக்கு மேலே ‘விளம்பரம்’ என்று ஒரு பெட்டி உண்டு. போன மாதம் தீம் (தளத்தின் வடிவமைப்பு) அப்டேட் ஆனதிலிருந்து ஆண்ட்ராய்டு குரோமில் மட்டும் அந்தப் பெட்டி ‘மேலும் படிக்க’வுக்குள் போய்விடுகிறது. இணைப்பைத் தட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

கேஷ் அழித்தாயிற்று, பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்தும் பார்த்தாயிற்று. காசு வாங்கிய இணைப்பு என்று காட்ட கூகுள் 2019இல் கொண்டுவந்த ‘ஸ்பான்சர்டு’ குறி அப்படிப்பட்ட எல்லா இணைப்பின் கோடிலும் இருக்கிறது. அது தேடுபொறிக்குத்தான், வாசகர் கண்ணில் படாது. தீம்காரர்கள் ‘கடைசியில் ஒரு வரி போடுங்கள்’ என்கிறார்கள். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் 2021 வழிகாட்டுதல் எச்சரிப்பதே அதைத்தான்: பதிவின் கடைசியிலோ ‘மேலும்’ தட்டினால் வரும் இடத்திலோ போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

‘ஸ்பான்சர்டு’ குறியுள்ள இணைப்புகளுக்கு முன்னால், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் வழியாகவே ‘விளம்பரம்’ என்று வரவைப்பது எப்படி?