ஒரு வாரம் வந்து வேதம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது மிஷனரி ஊழியமா?

கமாயுட்காரன்:
தமிழ்நாட்டிலிருந்து மறுபடியும் ஒரு குழு இங்கே பர்மாவுக்கு ஒரு வார வேத பாடம் நடத்த வரப்போகிறதாம், அவர்கள் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் எங்கள் சபையில் காணிக்கை எடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போன தடவை வந்தவர் இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் அதைத் தமிழில் சொல்ல, மூன்றாவது வரிசைப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்த அக்காவிடம் "என்ன சொல்கிறார்" என்று பர்மிய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகள் படிப்பது பர்மியப் பள்ளியில். அவர்கள் கையில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள், தமிழ்க் கீர்த்தனை பர்மிய எழுத்தில் இருக்கும். கூட்டம் முடிந்ததும் எல்லாரையும் பேனர் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். என்ன புரிந்தது என்று ஒரு பிள்ளையிடமும் கேட்கவில்லை.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார். முதலில் மொழி படித்தார். 1819-ல் பர்மியர் கட்டுவது போலவே சாலையோரம் ஒரு சாவடி கட்டி, போகிறவர் வருகிறவரோடு உட்கார்ந்து பேசினார். அந்த வருஷம் ஜூனில்தான் மாங் நாவ் முதல் ஆளாக ஞானஸ்நானம் எடுத்தார். ஆறு வருஷத்துக்கு ஒரே ஒருவர்! அப்புறம் 1824-ல் ஆங்கிலேயரோடு சண்டை வந்தபோது பர்மிய ராஜாவின் தலைநகரான ஆவாவில் சிறை, மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார்கள், முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தது 1834-ல். இன்றும் பர்மியச் சபைகளில் வாசிப்பது அதைத்தான். ஊழியம் என்றால் எனக்கு அதுதான்.

தட்டோன் தானியேல்:
தம்பி, ரங்கூனில் இருந்துகொண்டு பேசுவது சுலபம். எங்கள் பக்கம் போதகர் மாதம் ஒரு முறை வந்தாலே பெரிய காரியம். இங்கே ஒரு குழு வந்து மூன்று நாள் ரோமர் நிருபத்தை அதிகாரம் அதிகாரமாக எடுத்தார்கள், அதுவும் நல்ல தமிழில். என் அம்மாவுக்குப் பர்மிய எழுத்து தெரியாது, வாசிப்பதெல்லாம் தமிழ் வேதாகமம்தான். எட்டாம் அதிகாரத்தில் தனக்குப் பல வருஷமாக இருந்த சந்தேகத்தை எழுந்து நின்று கேட்டார்கள், வந்தவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய பாக்கியம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பதற்காகப் பெரியவர்களைப் பட்டினி போடலாமா? வருஷக்கணக்கில் தங்கு என்கிறீர்கள், விசா யார் கொடுப்பார்? 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகளை நே வின் ராணுவ அரசாங்கம் வெளியேற்றியதை மறந்துவிட்டீர்களா?

பெகு செல்வி:
நான் கோயிலுக்குப் போகிறவள், ஆனாலும் இதில் எனக்கும் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் உங்கள் விடுமுறை வகுப்புக்கு எங்கள் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். படம் வரையலாம், பாட்டுப் பாடலாம், பிஸ்கட் கொடுப்பார்கள் என்றுதான் அனுப்புகிறோம். போய்விட்டு வந்த என் நாத்தனார் மகன், பாட்டி நெற்றியில் இருக்கும் விபூதியைக் காட்டி "இது பிசாசுடையது" என்றான். பத்து வயதுப் பையன். அந்தப் பாட்டி அன்று இரவு சாப்பிடவில்லை. சொல்லிக்கொடுத்தவர் விமானம் ஏறிவிட்டார், நாங்கள் அதே தெருவில்தான் இருக்கிறோம். 1964-ல் அரசாங்கம் கடைகளைப் பிடுங்கிக்கொண்ட பிறகு எத்தனை பேர் கப்பலேறினார்கள் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மிஞ்சியவர்கள் ஒருவர் வீட்டுச் சாவுக்கு இன்னொருவர் தோள்கொடுத்துத்தான் இத்தனை காலம் ஓட்டினோம். பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு எங்களோடு வந்து தண்ணீர்ப் பந்தலில் நின்ற கிறிஸ்தவப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சட்டத்தையும் பாருங்கள். 2015 மதமாற்றச் சட்டப்படி 18 வயது ஆனவர்தான், அதுவும் டவுன்ஷிப் குழுவிடம் மனுக்கொடுத்து, அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் மாற முடியும். ஏதாவது வம்பு என்றால் பதில் சொல்லப்போவது உங்கள் போதகர், வெளியூர்க்காரர் இல்லை.

கமாயுட்காரன்:
செல்வி அக்கா, அந்தப் பையனுக்குச் சொன்னது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் விசுவாசத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. கோ தா பியுவைப் பாருங்கள், கொள்ளைக்காரராக இருந்தவர், பர்மாவின் கரேன் இனத்துக்காரர். 1828-ல் தவாயில் ஞானஸ்நானம் எடுத்து, சாகும்வரை தன் சனங்களிடம் ஊர் ஊராகப் போனார். அவர் மொழி, அவர் ஆட்கள், அவர்களோடேயே வாழ்க்கை.

தானியேல் அண்ணே, 1966-ஐ நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். அத்தனை மிஷனரிகளும் போன பிறகு கரேன் சபையோ கச்சின் சபையோ மூடிப்போனதா? இல்லை, வளர்ந்தது. மிஷனரி மேசன் மொழிபெயர்த்த கரேன் வேதாகமம் 1853-லேயே வந்துவிட்டது, மிஷனரி ஹான்சனின் கச்சின் வேதாகமம் 1927-ல் அச்சாகிவிட்டது, சொல்லிக்கொடுக்க அவர்களுடைய சொந்த சயாக்கள், அதாவது ஆசிரியர்கள், இருந்தார்கள். நாம் மட்டும் இன்னும் வெளியூர்ப் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு குழுவின் விமான டிக்கெட் பணத்தை நம் பையன் ஒருவனையோ பெண் ஒருத்தியையோ இன்செயின் இறையியல் கல்லூரியில் படிக்கவைக்கச் செலவழித்தால், தட்டோனுக்கு வாராவாரம் ஆள் வரும்.

தட்டோன் தானியேல்:
நல்லது தம்பி, படிக்க அனுப்புங்கள். ஆனால் அவன் படித்து முடிக்கும்வரை எங்கள் சனம் என்ன செய்யும்? இன்னொன்று, மேசனும் ஹான்சனும் வெளியூர்க்காரர்கள்தானே. அவர்களுக்கு யாரோ ஒரு சபை கதவைத் திறந்துவிட்டதால்தான் அந்தப் புத்தகங்களே வந்தன. வருகிறவரில் ஒருவர் இங்கேயே தங்க மனம் வைக்கலாம். ஒரு வாரம் வந்து பார்க்காமல் அந்த மனம் எப்படி வரும்?

மோல்மேன் பேரன்:
இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. குழு வரட்டும், ஆனால் பிள்ளைகளிடம் அனுப்பாமல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் அந்த ஒரு வாரம் பாடம் நடத்தச் சொன்னால் என்ன? பிள்ளைகளுக்கு அதை நம் ஆசிரியர்களே பர்மிய மொழியில் சொல்லட்டும்.

பெகு செல்வி:
அது பரவாயில்லை. அதோடு, கோயில் வீட்டுப் பிள்ளையை வகுப்புக்குக் கூப்பிட்டால் என்ன பாடம் என்று தாய் தகப்பனிடம் முன்னாலேயே சொல்லுங்கள். பிஸ்கட்டை மட்டும் சொல்லாதீர்கள்.

கமாயுட்காரன்:
ஆசிரியர்களுக்கு மட்டும் என்றால் நான் காணிக்கை கொடுக்கிறேன். அக்கா சொன்னதையும் சேர்த்துக் கமிட்டியில் பேசுகிறேன்.

தட்டோன் தானியேல்:
பெற்றோரிடம் சொல்வது சரி. ஆசிரியர்களுக்கு மட்டும் என்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியரே கிடையாது. அந்த ஒரு வாரத்தில் இரண்டு நாளாவது பெரியவர்களுக்குத் தமிழில் கூட்டம் வேண்டும், கமிட்டியில் இதையும் சொல்லுங்கள்.